கான்ஸ்ட் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் கான்ஸ்ட், அதாவது மாறாதது, என்று அறிவித்த பட்டியலில் புஷ் என்ற சேர்க்கும் கட்டளை கொண்டு இன்னொரு பெயரைச் சேர்க்க முடிகிறதே, பிறகு அது எப்படி மாறாதது ஆகும் என்று நேற்றிரவு தொலைபேசியில் கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் நான் சரியாக விளக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாறி என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். எண்களோடு நிற்கும்வரை அந்த விளக்கம் போதும். பட்டியலுக்கு வந்ததும் அது குழப்பிவிடும். பாட்டி வீட்டுத் தொழுவத்தில் மாடு கட்டிய கயிற்றை நினைத்துக்கொள். மாறியின் பெயர்தான் அந்தக் கயிறு. கான்ஸ்ட்டுக்குப் பதில் லெட் என்று அறிவித்தால் அதை அவிழ்த்து வேறொரு மாட்டில் கட்டலாம். கான்ஸ்ட் என்றால் முடிச்சு அவிழாது. அவிழ்க்க முயன்றால் டைப்எரர் என்ற பிழை வரும். ஆனால் கட்டப்பட்ட மாடு மேய்ந்து கொழுப்பதை அந்த முடிச்சு தடுப்பதில்லை. நீ புஷ் செய்தபோது நடந்தது இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கடையின் விலைப்பட்டியலை வேறொரு மாறிக்குக் கொடுத்து, அது நகல் என்று நம்பி அதில் தள்ளுபடி விலைகளை எழுதினேன். மூலப் பட்டியலின் விலைகளும் மாறிப்போயின. நான் செய்தது ஒரே மாட்டில் இரண்டாவது கயிற்றைக் கட்டியது மட்டுமே என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மேலோட்டமான நகல் போதுமென்றால் ஸ்லைஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்து. பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் உள்ளே இருப்பவை அப்போதும் பொதுவாகவே இருக்கும் என்பதை மறவாதே.

பழைய நிரல்களில் மாறியை அறிவிக்க வார் என்ற சொல்லைப் பார்ப்பாய். 1995இல் பிரெண்டன் ஐக் இந்த மொழியைப் பத்தே நாளில் உருவாக்கியபோது இருந்தது அதுதான். லெட்டும் கான்ஸ்ட்டும் 2015இல்தான் மொழியின் தரநிலையில் சேர்ந்தன. வார் மாறி அடைப்புக்குறிகளைத் தாண்டிச் செயற்கூறு, அதாவது ஒரு வேலைக்கென எழுதிய நிரல் பகுதி, முழுவதும் தெரியும் என்பதால் நீ அதைத் தொட வேண்டாம். எதையும் முதலில் கான்ஸ்ட் என்றே அறிவி. மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் மட்டும் லெட் எழுது. பெயரைத் தமிழில் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். 'விலை' என்றே எழுதிப் பார், எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒரே எண்களைக் கொண்ட இரண்டு பட்டியல்களைத் தனித்தனியே உருவாக்கி, மூன்று சமக்குறிகளிட்டு ஒப்பிட்டுப் பார். விடை பொய் என்று வரும். ஏன் என்பதைக் கயிற்றையும் மாட்டையும் வைத்து ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா