வாசக மேடைக்குப் போகும் முன்

அன்புள்ள ஜெனி,

ஆகஸ்ட் 9, பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, பூசையில் முதல் வாசகம் உனக்கு என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கூடவே, "நாலு வசனம்தானே அப்பா, ரெண்டு நிமிஷ வேலை" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ரெண்டு நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருநூல் ஆலயத்தில் வாசிக்கப்படும்போது கிறிஸ்துவே பேசுகிறார் என்று 1963இல் உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில் எழுதி வைத்தது. ஆண்டவரின் திருவுடலுக்குத் தரும் வணக்கத்தைத் திருநூலுக்கும் திருச்சபை என்றும் தந்து வந்திருக்கிறது என்று 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு சொன்னது. நற்கருணையில் ஒரு துகள் கீழே விழுந்தால் பதறுகிறோம். வாசகத்தில் பாதி வார்த்தை மக்கள் காதில் விழாமல் போனால் யாரும் பதறுவதில்லை. எனக்கு அது ஒத்துவராது. நற்செய்தி தொடங்கும்போது வந்து சேர்ந்தால் பூசை கண்ட கணக்குதான் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது.

முதலில் உன் வாசகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள். சங்கத்துக்கு முன்பு ஞாயிறு பூசையில் ஒரு திருமுகம், அதாவது திருத்தூதரின் கடிதம், பிறகு ஒரு நற்செய்தி. ஒரே ஆண்டில் சுற்றி முடிந்துவிடும். ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு காதில் விழுவது மிக அபூர்வம். 1969இல் வந்த புதிய வாசக ஒழுங்குதான் ஞாயிறுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சியைக் கொண்டுவந்தது. ஏ ஆண்டு மத்தேயு, பி மாற்கு, சி லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா காலத்திலும் அவர் வருவார். மாற்கு சின்ன நூல் என்பதால் பி ஆண்டில் ஐந்து ஞாயிறுகள் யோவான் 6ஆம் அதிகாரம் வரும். எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க ஆண்டை 3ஆல் வகுத்துப் பார்: மீதி 1 என்றால் ஏ, 2 என்றால் பி, மீதி இல்லாவிட்டால் சி. 2026க்கு மீதி 1, ஆகவே ஏ. ஆனால் திருவழிபாட்டு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே பிறந்துவிடும். டிசம்பரில் வாசிக்கிறவர்கள் அடுத்த ஆண்டின் எண்ணைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வார நாள் வாசகம் வேறு கணக்கு. பொதுக்காலத்தில் அதன் முதல் வாசகம் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று. இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு தவறான பக்கத்தைத் திறப்பது அடிக்கடி நடக்கிறது.

இப்போது உன் வாசகம். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம், 9ஆம் வசனத்தின் முதல் பகுதி, பிறகு 11, 12, 13இன் முதல் பகுதி. நடுவில் விடுபட்டிருப்பதைக் கவனி. இறைவாக்கினர் எலியா தன் மனக்குறையை ஆண்டவரிடம் கொட்டுகிற பகுதி, பூசைக்கென்று தொகுத்த வாசக நூலில் கிடையாது. அதனால்தான் வீட்டு விவிலியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அப்படியே வாசிக்கக் கூடாது என்கிறேன். செல்போனில் உள்ள செயலி இன்னும் மோசம். எத்தனையோ செயலிகளில் புராட்டஸ்டன்ட் சபையாரின் 66 நூல்கள்தான் இருக்கும். நம் கத்தோலிக்க விவிலியத்தில் 73: பழைய ஏற்பாடு 46, புதிய ஏற்பாடு 27. சீராக்கின் ஞானமோ சாலமோனின் ஞானமோ வருகிற ஞாயிறில் அந்தச் செயலியில் தேடித் தேடி விழிக்க வேண்டியதுதான். ஒத்திகைக்குக்கூட 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பையே வைத்துக்கொள். மேடையில் வாசக நூல் மட்டும். துண்டுத்தாள் வேண்டாம், போனும் வேண்டாம்.

வீட்டில் அந்த நாலு வசனத்தோடு நிறுத்தாதே. 18, 19 இரண்டு அதிகாரங்களையும் முழுதாகப் படி. கர்மேல் மலையில் பாகால் என்ற வேற்றுத் தெய்வத்தின் பொய்வாக்கினரை வென்ற கையோடு, அரசி ஈசபேல் கொல்லத் தேடுகிறாள் என்று கேட்டு உயிருக்குப் பயந்து ஓடுகிறார் எலியா. சாவு வந்தால் போதும் என்று சூரைச் செடியின் அடியில் படுத்தவர், வானதூதர் தந்த உணவின் பலத்தில் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபுக்கு வந்து சேர்கிறார். அது மோசேயின் மலை. அங்கே முன்பு ஆண்டவர் இறங்கி வந்தபோது இடியும் தீயும் புகையும் இருந்தன, மலையே அதிர்ந்தது. கடவுள் வந்தால் இப்படித்தான் வருவார் என்று எதிர்பார்க்கிற இடத்தில்தான் காற்றிலும் அவர் இல்லை, நிலநடுக்கத்திலும் இல்லை, தீயிலும் இல்லை என்று வருகிறது. இது தெரியாமல் வாசித்தால் வானிலை அறிக்கை மாதிரிதான் இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வாக்கியம் முடியும்போது குரலை இறக்குவது நம் எல்லாருக்கும் பழக்கம். "ஆனால் ஆண்டவர் அந்தக் காற்றில்" வரை கணீரென்று சொல்லிவிட்டு "இல்லை" என்பதை விழுங்கினால், கடைசி வரிசையில் இருக்கிறவருக்குக் கடவுள் காற்றில் இருந்தார் என்றுதான் கேட்கும். மூன்று முறையும் அந்தக் கடைசிச் சொல் காதுக்குப் போக வேண்டும். அதற்காக நாடகக்காரர் மாதிரி மூன்று முறை கர்ஜிக்கவும் வேண்டாம். மூன்றையும் ஒரே அழுத்தத்தில் சொல். தீக்குப் பிறகு மட்டும் ஒரு மூச்சு விட்டு, "அடக்கமான மெல்லிய ஒலி" என்பதை வேகம் குறைத்துச் சொன்னால் போதும். அங்கே குரலைக் கிசுகிசுப்பாக்காதே, மைக்கில் அது வெறும் காற்றாகத்தான் வரும். எலியா முகத்தை மூடிக்கொண்டு குகை வாயிலில் வந்து நிற்பதோடு வாசகம் முடிகிறது. மனதுக்குள் மூன்று எண்ணு, மக்களைப் பார், அதன் பிறகு "ஆண்டவரின் அருள்வாக்கு". வாசகத்தின் கடைசி வரியோடு இதையும் ஒட்டி ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் மக்களுக்கு "இறைவா உமக்கு நன்றி" சொல்லவே நேரம் இருக்காது. அவர்கள் பதில் சொன்ன பிறகும் உடனே நகராதே. அந்தச் சின்ன மௌனம் திருப்பலி ஒழுங்கில் கேட்கப்பட்டிருப்பதுதான்.

வாசக நூலில் சிவப்பில் இருப்பது எதையும் வாசிக்கக் கூடாது. "முதல் வாசகம்" என்ற தலைப்பு, அதன் கீழே உள்ள ஒருவரிச் சுருக்கம், அதிகார எண், வசன எண் எல்லாம் உன் கண்ணுக்கு மட்டும். "அரசர்கள் முதல் நூலிலிருந்து வாசகம்" என்று நேராகத் தொடங்கு. நம்மூர்ப் பங்குகளில் வாசக முன்னுரை என்று ஒன்று உண்டு. சில நேரம் வாசகத்தைவிட அது நீளமாக இருக்கும், மறையுரையையும் சேர்த்தே சொல்லி முடித்துவிடும். உன்னை எழுதச் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் நிறுத்து. அதை வாசக மேடையில் நின்று வாசிக்கக் கூடாது. மேடை திருநூலுக்கு உரியது, முன்னுரைக்கு வேறு மைக்.

மற்ற வாசகங்களையும் பார்த்துவை. அன்று நற்செய்தி மத்தேயு 14, இயேசு கடல்மீது நடப்பது. பொதுக்காலத்தில் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இங்கே எலியா தனியாக மலையில், அங்கே இயேசு தனியாக மலையில் செபிக்கிறார். இங்கேயும் பெருங்காற்று, அங்கேயும் காற்றைக் கண்டு பேதுரு மூழ்குகிறார். உன் வாசகம் மக்கள் காதில் விழுந்திருந்தால்தான் நற்செய்தியில் காற்று வரும்போது அது மனதில் தட்டும். இரண்டாம் வாசகமான உரோமையர் 9க்கும் இதற்கும் சம்பந்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அந்தத் திருமுகம் பல வாரங்களாகத் தன் போக்கில் தொடர்ந்து வருகிறது.

பதிலுரைப் பாடல் திருப்பாடல் 85. பாடகர் குழுவில் யாராவது அதற்குப் பதில் தியானப் பாடல் ஒன்று போடலாமா என்று கேட்டால், கூடாது என்று தைரியமாகச் சொல். அதுவும் இறைவார்த்தைதான், அந்த இடத்தில் வேறு பாட்டு வைக்க ஒழுங்கில் இடமில்லை. பாட ஆள் இல்லாவிட்டால் நிதானமாக வாசிக்கலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புதன்கிழமைக்குள் வாசகத்தைப் படித்துவிடு. தினமும் இரண்டு முறை வாய்விட்டு, நின்றுகொண்டு வாசி. உட்கார்ந்து வாசித்தால் மூச்சு வேறு மாதிரி வரும். ல, ள, ழ மூன்றையும் கவனி, உனக்கு "ஒலி" சில நேரம் "ஒளி" ஆகிவிடுகிறது. இந்த வாசகத்தில் அது ஆகவே கூடாது. ஞாயிறன்று 20 நிமிடம் முன்பே போய் வாசக நூலில் பக்கத்தையும் நாடாவையும் நீயே பார்த்துவிடு. முந்தின பூசைக்காரர் நாடாவை வேறு பக்கத்தில் விட்டுப் போயிருப்பார். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுக் கீழே இருக்கட்டும். தட்டிப் பார்க்காதே, ஊதாதே. போகும்போது பலிபீடத்துக்குத் தலைவணங்கு. வார்த்தை தடுமாறினால் மன்னிப்புக் கேட்காமல் அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லிவிட்டுப் போ.

பெண்பிள்ளை வாசிக்கலாமா என்று இன்னமும் யாராவது முணுமுணுத்தால் ஒரு செய்தி. நீ வாசிப்பது பல காலமாக உள்ள வழக்கம்தான். வாசகர் பணியை நிரந்தரமாகப் பெறுவதுதான் ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அதையும் பெண்களுக்குத் திறந்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டு ஒருமுறை வாசித்துக் காட்டு. அம்மாவை அடுத்த அறையில் உட்கார வைக்கிறேன். அவளுக்கு மூன்று "இல்லை"யும் கேட்கிறதா பார்ப்போம்.

அன்புடன்
அப்பா