கடைசி பெஞ்சுப் பையன் கேட்ட கேள்வி

அன்பு மகன் குமரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். மழை வந்தால் அப்பாவுக்கு முட்டிவலி கூடுகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை.

பாஸ்டனில் கென்னடி நூலகத்துக்குப் போய் நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அந்தத் தேங்காய் ஓட்டை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1943ல் சாலமன் தீவுகளில் ஜப்பானியப் போர்க்கப்பல் மோதி கென்னடியின் படகு உடைந்தபோது, ஓட்டில் செய்தியைக் கீறித் தீவுக்காரர்கள் இருவரிடம் கொடுத்தனுப்பினார். அமெரிக்க அதிபரான பிறகும் அதை மேசையில் வைத்திருந்தார். நம் வீட்டில் என்றால் அடுப்புக்குப் போயிருக்கும்.

படத்துக்குக் கீழே, "நீ கிளாஸில் கதை கதையாகச் சொல்வாயே, அந்த ஆள்" என்று எழுதியிருந்தாய். அதுதான் உறுத்தியது. இவ்வளவையும் போனில் தட்ட எனக்கு விரல் வராது. அதனால் காகிதம்.

நான் வகுப்பில் சொன்னது தப்புடா.

எப்படிச் சொல்வேன் என்று உனக்கே தெரியும். 1962 அக்டோபர், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள், கென்னடி கடலில் கப்பல்களை நிறுத்தி மறித்தார், ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை, சோவியத் தலைவர் குருஷேவ் மூட்டை கட்டினார். சாக்பீஸை மேசையில் தட்டி முடிப்பேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், அவ்வளவு தூரம் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தவன் கைக்கு ஒண்ணும் வராமயா திரும்பிப் போவான்?" வகுப்பே சிரித்தது. அவன் அப்பா மாட்டுத் தரகர். "இது சந்தை இல்லை, உட்காரு" என்றேன்.

அது சந்தையேதான்.

அந்த அக்டோபரில் எனக்குப் பதினோரு வயது. கியூபா பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. 20ஆம் தேதி சீனப் போர் தொடங்கிவிட்டது, பாதுகாப்பு நிதிக்கு உன் பாட்டி ஒரு ஜோடி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், அதுதான் பேச்சு. மற்றதெல்லாம் பிறகு படித்தது. அதிலும் முக்கியமானது, ஓய்வு பெற்ற பிறகு.

கென்னடி தன் அறையில் நடந்த பேச்சுகளை ரகசியமாக நாடாவில் பதிவு செய்துவந்தார். 19ஆம் தேதி தளபதிகள் வருகிறார்கள். உடனே குண்டு போடவேண்டும் என்கிறார் விமானப்படைத் தளபதி லெமே. கப்பலை நிறுத்தி மறிப்பது 1938ல் மியூனிக்கில் பிரிட்டன் ஹிட்லருக்குப் பணிந்ததற்குச் சமம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். மியூனிக் காலத்தில் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து அந்தப் பணிவை ஆதரித்தவர் கென்னடியின் அப்பா. ஊசி எங்கே இறங்கியது என்று பார். "உன் அப்பனைப் போலத்தான் நீயும்" என்று சொன்ன மாதிரி. கென்னடி ரோஷப்படவில்லை. அவர்கள் சொன்னபடி படையெடுத்திருந்தால்? கியூபாவில் அப்போது 40,000க்கும் மேல் சோவியத் வீரர்கள் இருந்தார்கள், சிறிய அணு ஆயுதங்களும் தயாராக இருந்தன. இது வெளியே வர முப்பது வருடம் ஆயிற்று.

27ஆம் தேதி, சனிக்கிழமை. கியூபாவுக்கு மேலே ஓர் அமெரிக்க யு-2 உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள், ஓட்டிப்போன மேஜர் ஆண்டர்சன் இறந்துவிட்டார். சுட்டால் திருப்பி அடிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தது. கென்னடி தளபதிகளின் கையைக் கட்டிப் போட்டார். அதே நாளில் இன்னொரு விமானம் வழி தவறி சோவியத் வானத்துக்குள் போய்த் திரும்பியது. கடலுக்கடியில் ஒரு சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்பிடோ இருந்ததும், அர்க்கிபோவ் என்ற அதிகாரி அதைப் போடவிடாமல் தடுத்ததும் கென்னடிக்குத் தெரியவே தெரியாது. அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு, என்ன செய்ய.

அன்று சாயங்காலம் தம்பி ராபர்ட், சோவியத் தூதர் டோப்ரினினைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கியூபாமீது படையெடுக்கமாட்டோம், இது ஊரறியச் சொல்வது. துருக்கியில் நாங்கள் வைத்திருக்கும் ஜூபிட்டர் ஏவுகணைகளைச் சில மாதத்தில் எடுத்துவிடுவோம், இது வெளியே மூச்சு விடக்கூடாது. மாட்டுச் சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதேதான். மறுநாள் குருஷேவ் இறங்கிவந்தார். 1963 ஏப்ரலில் துருக்கியிலிருந்து அந்தப் பதினைந்தும் போயின.

கொடுத்ததில் எனக்குக் கென்னடிமேல் மரியாதை கூடத்தான் செய்தது. கியூபாவுக்கு அவ்வளவு பயம் வரக் காரணமே முந்தின வருடம் கியூபாவின் பன்றி விரிகுடாவில் ஆட்சியைக் கவிழ்க்க இவர் ஆள் அனுப்பியது, அதையும் மறக்கக்கூடாது. ஆனால் துண்டை எடுக்கவே இல்லையே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. துருக்கி ஏவுகணைகளை விட்டுக்கொடுக்கலாம் என்று முதலிலேயே யோசனை சொன்ன ஐ.நா. தூதர் ஸ்டீவன்சனைக் கோழை என்கிற மாதிரி டிசம்பரில் ஒரு பத்திரிகை எழுதியது. எழுதிய இருவரில் ஒருவர் கென்னடியின் நெருங்கிய நண்பர். துணை அதிபர் ஜான்சனுக்கே பேரம் தெரியாது. முறைத்தால் எதிரி ஓடிவிடுவான் என்கிற பாடத்தோடுதான் அந்த மனிதர் பிறகு வியட்நாமைக் கையில் எடுத்தார். ராபர்ட்டின் டைரியை நூலாக்கும்போது பேரத்தைப் பற்றி வெளிப்படையாக இருந்ததை மாற்றிவிட்டேன் என்று கென்னடியின் உதவியாளர் சோரன்சன் மாஸ்கோவில் ஒப்புக்கொண்டது 1989ல்தான். அதுவரை நானும் சாக்பீஸைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறமும் இருபது வருடம் தட்டினேன்.

அந்தப் பையன் இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிராக்டர் பாகங்கள் விற்கிறான். தலை நரைத்துவிட்டது. போன வாரம் என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றான். "உட்காரு" என்றேன். அதற்குமேல் எதுவும் வரவில்லை, கடையில் ஆள் நின்றது. வியாழக்கிழமை அப்பாவின் மாத்திரை வாங்க அந்தப் பக்கம் போகவேண்டும்.

மருமகளைக் கேட்டதாகச் சொல். குழந்தைக்குச் சளி விட்டதா?

அம்மா