தோல் ஓ.பி.யில் இரண்டு கேள்விகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சோரியாசிஸ் என்னும் செதில் படை நோய் பற்றிய உங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரையில் களிம்பு, ஒளி சிகிச்சை, ஊசி மருந்து எல்லாம் இருந்தன. மனச்சோர்வு பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தந்தது. சோரியாசிஸ், வெண்புள்ளி, ஆண்டுக்கணக்கில் விடாத கரப்பான் (எக்சிமா) உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். அதைக் கண்டறியும் முதல் படிக்கு இரண்டு நிமிடம் போதும்.

பி.எச்.க்யூ-2 என்ற வினாத்தாளில் இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வருபவரிடம் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 கேட்க வேண்டும். அதில் அதிகபட்ச மதிப்பெண் 27. பத்தைத் தொட்டால் மருத்துவர் உட்கார்ந்து பேசியாக வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மனச்சோர்வு என்று முடிவு கட்டவும் கூடாது. இந்தத் தாள்களுக்குக் கட்டணம் கிடையாது, தமிழிலும் உண்டு.

தவறு நடப்பது கேட்கும் விதத்தில்தான். "மனசு நல்லா இருக்கா?" என்றால் எல்லோரும் "இருக்குங்க" என்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவருக்குக் கேள்வியை அப்படியே வாசித்து, நான்கு பதில்களையும் சொல்லித் தேர்ந்தெடுக்க விட வேண்டும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. ஓ.பி. சீட்டு பதியும் இடத்தை விட்டுத் தள்ளி, செவிலியர் தனியாகக் கேட்கலாம்.

இன்னொரு சிக்கல், அரிப்பு. இரவெல்லாம் சொறிபவருக்குத் தூக்கமின்மை, களைப்பு ஆகிய கேள்விகளில் மதிப்பெண் தானாக ஏறும். ஆகவே முதல் இரண்டு கேள்விகளையும், தன்னையே வெறுப்பது பற்றிய ஆறாவது கேள்வியையும் தனியே பாருங்கள். அதற்காக அரிப்பைத் தள்ளிவிட வேண்டாம். தூக்கம் திரும்பினாலே பலருக்கு மனம் தேறும். படை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. முகத்திலோ உள்ளங்கையிலோ பிறப்புறுப்பிலோ இருக்கும் சிறு படை, முதுகு முழுக்கப் படர்ந்ததைவிட ஒருவரை அதிகம் நொறுக்கலாம்.

ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அன்றே விசாரிக்க வேண்டும்: எப்படிச் செய்ய நினைத்தார், அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. திட்டம் வைத்திருப்பவரைத் தனியே அனுப்பாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிச்செல்லுங்கள். சோரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாதக் கணக்கில் கொடுக்காதீர்கள். அது அளவு மீறினால் உயிரையே வாங்கும். வாரத்துக்கு வாரம் கொடுத்து, வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். சோரியாசிஸுக்குத் தரும் அப்ரெமிலாஸ்ட்டில் மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கை உண்டு. மறுபக்கம், மனநலப் பிரிவில் தரும் லித்தியமும், பதற்றத்துக்குத் தரும் ப்ரோப்ரனலாலும் சோரியாசிஸைக் கிளப்பிவிடக் கூடும். இரு மருத்துவர்களும் ஒரே சீட்டைப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

சீட்டில் "மனநலப் பிரிவு" என்று எழுதிக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் வெளி வாசலுக்குத்தான் போவார்கள். எந்த நாள், எந்த அறை என்று எழுதி, முடிந்தால் அந்தப் பிரிவுக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண்ணையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அடுத்த முறை களிம்பு வாங்க வரும்போது அதே இரண்டு கேள்விகளை மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர் ஒருவர்,
திருச்சி