எம்.ஜி.பி.யில் ஏ.சி.: கம்ப்ரஸருக்கு முன் செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏ.சி. வைப்பது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தால், கிட் வாங்கி போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. அப்படி இறங்கியவர்களின் கார்கள்தாம் சிக்னலில் கொதித்து நிற்கின்றன. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை வைத்தே விளக்குகிறேன். அதன் 1798 சி.சி. இன்ஜின், நம் அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. இன்ஜினின் குடும்பம், நம் மெக்கானிக்குகளுக்கு அந்நியமானதல்ல.

முதலில் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். தொடக்க கால எம்.ஜி.பி.யில் இருக்கும் லூகாஸ் டைனமோ (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தருவது) அதிகபட்சம் தருவதே 22 ஆம்பியர். ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏ.சி. புளோயர் (காருக்குள் காற்று ஊதுவது), கண்டென்ஸர் (கேஸின் சூட்டை வெளியே விடும் காயில்) ஃபேன், கம்ப்ரஸர் (கேஸை அழுத்தும் பம்ப்) கிளட்ச் மூன்றும் சேர்ந்தாலே 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டைனமோவுக்குப் பதில், ஐடிலிங்கிலும் மின்சாரம் தரும் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் அவசியம். இந்தக் கார்கள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்பதால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாமல் இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் உடனே எரிந்துபோகும். '35 ஆம்பியர்' என்று எழுதியிருக்கும் லூகாஸ் ஃபியூஸையும் நம்ப வேண்டாம். அது ஃபியூஸ் உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். ஃபேனுக்கும் புளோயருக்கும் தனித்தனி ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), தனித்தனி ஃபியூஸ் வையுங்கள்.

அடுத்தது ரேடியேட்டர். பெரும்பாலான எம்.ஜி.பி.களில் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. நெரிசலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். கண்டென்ஸர் கக்கும் சூடு முழுவதும் ரேடியேட்டர் மேல் இறங்குவதும் அதே நேரத்தில்தான். ரேடியேட்டர் கோரை (உள்ளே தண்ணீர் ஓடும் குழாய் அடுக்கு) மாற்றி, எலக்ட்ரிக் ஃபேன் பொருத்திய பிறகே கண்டென்ஸரை வாங்கிப் பொருத்துங்கள். அது பாரலல் ஃப்ளோ வகையாக (கேஸ் பல குழாய்களில் பிரிந்து ஓடுவது) இருக்கட்டும். ரேடியேட்டருக்கு முன்னால் சுமார் 2 செ.மீ. இடைவெளி விட்டு, பக்கவாட்டுச் சந்துகளை ரப்பர் பட்டையால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றே சுற்றி முன்னால் வந்து மறுபடி கண்டென்ஸருக்குள் புகும். கூலிங் குறைவதற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் பழி எப்போதும் கேஸ் மேல்தான் விழுகிறது.

காருக்குள் வரும் சூட்டைத் தடுக்காமல் குளிர்ச்சியை எதிர்பார்ப்பதும் வீண். கியர் பாக்ஸ் டனலிலும் முன் சுவரிலும் ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட் ஒட்டுங்கள். கியர் லீவர் ரப்பர் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். முக்கியமாக ஹீட்டர் வால்வைப் பாருங்கள். பழைய வால்வு மூடினாலும் கசியும். வெந்நீர் ஹீட்டர் கோருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஹோஸில் தனியாக ஒரு மூடித் திறக்கும் வால்வு வைப்பது மிகச் சின்ன செலவு, பலனோ பெரிது.

இனி கம்ப்ரஸர். இரண்டு பிஸ்டன் கொண்ட பழைய யார்க் வகை எடை மிகுந்தது, நாலு சிலிண்டர் இன்ஜினையே உலுக்கும். சிறிய சாண்டன் வகை, 100 சி.சி. அளவு, இந்தக் குட்டி கேபினுக்குப் போதும். பிராக்கெட்டை இன்ஜின் பிளாக்கில்தான் பிடிக்க வேண்டும், பாடியில் அல்ல. இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுவது. பாடியில் பிடித்தால் பெல்ட் ஒவ்வொரு ஆட்டத்திலும் இழுபடும். புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்பட்டை வைத்துப் பாருங்கள், 1.5 மி.மீ.க்கு மேல் விலகினால் பெல்ட் பிய்ந்துவிடும். கிளட்ச் பிடிக்கும்போது எஸ்.யு. கார்புரேட்டர் இன்ஜின் தடுமாறும். ஐடிலிங்கை நிரந்தரமாக ஏற்றி வைக்காமல், ஏ.சி. போடும்போது மட்டும் ஏற்றும் சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் தள்ளுகோல்) பொருத்துங்கள்.

ஆர்134ஏ என்ற ஏ.சி. கேஸுக்கு பேரியர் ஹோஸ் (கேஸ் கசியாத உட்படலம் கொண்டது), பச்சை ஓ-ரிங், கம்ப்ரஸருக்கு ஏற்ற பி.ஏ.ஜி. என்ற செயற்கை ஆயில் வேண்டும். முந்தைய ஆர்12 கேஸுக்கான பழைய பாகங்களில் மினரல் ஆயில் தங்கியிருக்கும், பி.ஏ.ஜி. அதோடு கலக்காது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரின் மூடியை, எல்லாம் இணைத்த பிறகு கடைசியில் திறந்து, திறந்த கையோடு மாட்டுங்கள். நைட்ரஜன் அடித்துக் கசிவு பார்த்து, 45 நிமிடம் வாக்குவம் இழுத்து, அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டி அடைக்கும். நாளடைவில் அமிலமாகிக் காயிலையும் அரிக்கும். வெளியே 35 டிகிரி இருக்கையில், 1500 ஆர்.பி.எம்.மில் லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் போகும் குழாய்) 30 முதல் 40 பி.எஸ்.ஐ., ஹை பக்கம் (வெளியே வரும் குழாய்) 200 முதல் 240 என்று காட்டினால் நிறுத்திவிடுங்கள். கேஸ் கூடினால் குளிர் கூடாது, பிரஷர்தான் கூடும். மலிவு என்று எல்.பி.ஜி. அடிப்பவர்களிடம் காரை விடவே விடாதீர்கள். கூலிங் காயில் இருப்பது காருக்குள். அங்கே கசிந்தால் ஒரு பொறி போதும்.

கூலிங் காயில் யூனிட்டை டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடும் வகையாக வாங்குங்கள். அசல் டாஷ்போர்டை வெட்டினால் காரின் மதிப்பு போய்விடும், மீட்கவும் முடியாது. யூனிட்டிலிருந்து தண்ணீர் வடியும் ஹோஸ் வழி நெடுகச் சரிவாக இறங்கி, தரைக்கு வெளியே முடிய வேண்டும். நடுவில் வளைந்து மேலேறினால் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரையும், கதவுகளுக்குக் கீழே இருபக்கமும் ஓடும் சில் என்ற இரும்புப் பெட்டிகளுமே காரைத் தாங்குகின்றன. அவை துருப்பிடித்தால் செலவு ஏ.சி.யைவிடப் பல மடங்கு ஆகும்.

இப்படிக்கு,
பழைய கார் ஏ.சி. மெக்கானிக், சென்னை