அகாரைத் தந்தவர் ஃபேனி ஹெஸ்ஸே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நுண்ணுயிரியல் வரலாறு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக் தான் தேய்த்த லென்ஸில் ஏரித் தண்ணீரையும் பல்லில் படிந்த அழுக்கையும் பார்த்தது, பாஸ்டரின் வளைந்த கழுத்துக் குடுவை, 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி: கிருமி வளர்க்கும் அகாரை (கடல்பாசியிலிருந்து எடுக்கும், ஜெல்லிபோல் உறையும் பொருள்) கோக் கண்டுபிடித்தாராம். அது சரியல்ல. வேலைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் அகார் பிளேட் ஊற்றியவள் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

அகாரைக் கொண்டுவந்தவர் ஃபேனி ஹெஸ்ஸே. நியூயார்க்கில் 1850இல் பிறந்து, வால்டர் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் மருத்துவரை மணந்தவர். கணவர் பெர்லினில் கோக்கின் ஆய்வகத்தில் காற்றிலுள்ள கிருமிகளை ஆராய்ந்தார். சம்பளம் எதுவும் இல்லாமல் கணவருக்கு உதவியாளராக இருந்தவர் ஃபேனி. ஆய்வுக் கட்டுரைகளுக்கான படங்களையும் அவரே வரைந்தார்.

அந்தக் காலத்தில் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. சூப்பில் வளர்த்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். எது நோயைத் தருகிறது என்று சொல்ல முடியாது. திடமான பரப்பில் வளர்த்தால்தான் ஒவ்வொரு கிருமியும் தன் இடத்திலேயே பெருகித் தனிப் புள்ளியாக நிற்கும். கோக் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கை நறுக்கி அதன்மேல் வளர்த்தார். எல்லாக் கிருமிக்கும் கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஜெலட்டினுக்கு மாறினார். அதில் இரண்டு தொல்லைகள். நம் உடம்பில் வாழும் கிருமிகளுக்கு 37 டிகிரி சூடு வேண்டும். ஜெலட்டினோ அதற்கு முன்பே உருகிவிடும். உருகாமல் வைத்தாலும், சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே தின்று நீராக்கிவிடும்.

1881இல் வால்டரின் ஜெலட்டினும் இப்படித்தான் வெயிலில் உருகிக்கொண்டிருந்தது. உன் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் எப்படி இந்தச் சூட்டில் கெட்டியாக நிற்கின்றன என்று அவர் மனைவியிடம் கேட்டார். அவற்றில் அகார் சேர்ப்பதாக ஃபேனி சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்களிடம் இளவயதில் கற்றுக்கொண்டது அது. லேபில் முயன்றார்கள், நின்றது. கோக் 1882ஆம் ஆண்டுக் காசநோய்க் கட்டுரையில் அகாரைப் பற்றிப் போகிற போக்கில் சொல்கிறார். ஹெஸ்ஸே தம்பதி பெயர் அதில் இல்லை. கோக்கின் உதவியாளர் பெட்ரி 1887இல் செய்த கண்ணாடித் தட்டுக்கு அவர் பெயர் நிலைத்தது. அந்தத் தட்டில் ஊற்றும் பொருளுக்கு ஃபேனியின் பெயரை வைக்கலாமே என்று 1939இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பெயரும் நிலைக்கவில்லை.

அகாரின் அருமை கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு லிட்டருக்கு 15 கிராம் போதும். கொதி சூட்டுக்குப் பக்கத்தில் கரையும்; ஆனால் ஏறக்குறைய 40 டிகிரிக்கு இறங்கும்வரை உறையாது. ஆட்டோகிளேவிலிருந்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) எடுத்த குடுவையைக் கைபொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிட்டு ஊற்றுவோம். அவசரப்பட்டால் மூடியில் ஆவி கோத்து நீர் சொட்டும். தாமதித்தால் குடுவைக்குள்ளேயே கட்டிதட்டிவிடும். ஒருமுறை உறைந்துவிட்டால் 37 டிகிரி இன்குபேட்டரில் இரவெல்லாம் தலைகீழாக இருந்தாலும் அசையாது.

சிறுநீர் கல்ச்சர் டெஸ்ட் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஏன் காக்க வைக்கிறார்கள் என்று பலர் கோபப்படுவார்கள். அந்த நேரத்தில் கிருமி அகாரின் மேல் வளர்ந்துகொண்டிருக்கும். மெக்காங்கி என்ற வகை அகாரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருந்தால் காலையில் ரோஜா நிறப் புள்ளிகள் தெரியும். அதை எடுத்து இன்னொரு அகார் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைப்போம். எந்த மருந்தைச் சுற்றிக் கிருமி போதுமான அகலத்துக்கு வளராமல் விலகி நிற்கிறதோ, அதுதான் நோயாளிக்குக் கேட்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அகார் கடலிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அகார் கிடைக்காமல் போனபோது பிரிட்டன் உட்படப் பல நாடுகள் தங்கள் கரைகளில் பாசி தேடின. 2015இல் மொராக்கோ பாசி ஏற்றுமதியைக் குறைத்தபோது உலகமெங்கும் லேப்களில் தட்டுப்பாடு. எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கரையிலும் மரிக்கொழுந்துப் பாசி எடுத்து அகார் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். எடுப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். பாறை கிழிக்காமல் விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி மூழ்குகிறார்கள். இங்கிருந்து போவது பெரும்பாலும் உணவுத் தயாரிப்புக்குத்தான். நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் கடல்பாசியும் ஃபேனியின் புட்டிங்கும் ஒரே சரக்கு.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கோக்கின் படத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். ஃபேனி ஹெஸ்ஸேயின் புகைப்படமும் கிடைக்கிறது. அதையும் திருத்தத்தோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
இராமநாதபுரம்