இடப்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து விபத்துச் செய்திகளை உங்கள் பத்திரிகையில் விடாமல் படிக்கிறவன் நான். வேகம், ஹெல்மெட் போடாதது, டாரஸ் லாரி, குண்டும் குழியுமான ரோடு என்று காரணங்கள் வரும், எல்லாம் சரிதான். ஆனால் கார் ஓட்டுகிற நாம் கண்ணாடிகளை என்ன நிலையில் வைத்திருக்கிறோம் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதில் ஒரு தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவன் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

போன ஆனி மாதம் கோட்டாறு சந்தைப் பக்கம் காரை ஓரமாகப் போட்டுவிட்டு அரிசி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் இடப்பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. கடைக்கும் காருக்கும் நடுவில் யாரோ தள்ளுவண்டியை நுழைத்திருக்க வேண்டும். மடக்கி வைக்காதது என் தப்பு. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன், கூடு, மோட்டார் எல்லாம் சேர்த்து முழு செட்டாகத்தான் மாற்ற முடியும் என்று நாலாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். கூட்டில் ஒரு கீறல்கூட இல்லை, மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, கண்ணாடிச் சில்லு மட்டும்தான் போயிருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பேசாமல் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிற ஒரு கடைக்குப் போனேன். அவர் பழைய சில்லை அளவு வைத்து, முகம் பார்க்கிற கண்ணாடியில் அச்சாக வெட்டி, பசை போட்டு ஒட்டித் தந்துவிட்டார். 200 ரூபாய்.

வேடிக்கை என்னவென்றால், ஒட்டிய அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். பின்னால் வருகிற பஸ் பெரிதாக, பளிச்சென்று தெரிகிறது. பழைய கண்ணாடியில் எல்லாம் குட்டிகுட்டியாகத் தெரியுமே, இது எவ்வளவோ மேல் என்று வீட்டில் வேறு சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. தக்கலையில் ஜங்ஷன் தாண்டி ஒரு கடை முன்னால் இடப்பக்கம் ஒதுங்கப் போனேன். இண்டிகேட்டர் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், ரோடு காலியாக இருந்தது, ஒடித்தேன். டமார். ஸ்கூட்டரில் வந்த பையன் பின்கதவில் இடித்து நின்றுவிட்டான். கீழே விழவில்லை, முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று, என் நல்ல நேரம். அவன் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது: “என்னண்ணே, கண்ணாடி எதுக்கு வச்சிருக்கிய? தலை சீவவா?”

நான் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். பார்க்கவும் செய்தேன், ஆனால் அந்தக் கண்ணாடியில் அவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் குவி ஆடி, குழி ஆடி என்று படித்தோமே, காரின் வெளிக்கண்ணாடி அந்தக் குவி ஆடிதான். லேசாக வெளியே புடைத்திருக்கும், கை வைத்துத் தடவினால்கூடத் தெரியாது. அந்தப் புடைப்பினால்தான் பக்கத்து ரோடு அகலமாகத் தெரிகிறது, அதற்கு விலையாக எல்லாம் சின்னதாகவும் தூரத்திலும் இருப்பதுபோலத் தோன்றுகிறது. கண்ணாடியில் தெரிவது நிஜத்தில் இன்னும் கிட்டே இருக்கிறது என்று சில கார்களில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அது இதற்காகத்தான். சமக் கண்ணாடியை ஒட்டினால் உருவம் பெரிதாகும், அகலம் சுருங்கிவிடும். நான் 200 ரூபாய் கொடுத்து ஒரு ஸ்கூட்டர் மறைகிற அளவுக்கு இடத்தைக் குறைத்து வாங்கியிருக்கிறேன். பிற்பாடு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் என் மாடலுக்கு உள்ள புடைத்த கண்ணாடி தனியாகவே கிடைத்தது, 700 ரூபாய்கூட ஆகவில்லை. முழு செட்டுதான் என்று யாராவது சொன்னால் இரண்டு கடை ஏறி இறங்கிக் கேளுங்கள்.

இதற்கு அப்புறம் ரோட்டில் போகிற கார்களின் கண்ணாடியைக் கவனிக்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. வடசேரியிலும் செட்டிகுளத்திலும் நின்று பாருங்கள். சந்தில் மடக்கிய கண்ணாடியை விரிக்காமலே மெயின் ரோட்டில் போகிறவர்கள், ஒரு பக்கம் விரித்து மறுபக்கம் விட்டவர்கள், டேப் சுற்றியவர்கள், வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணாடிக்காரர்கள். அதிலும் இடப்பக்கத்தை அநியாயத்துக்குக் கைவிட்டிருக்கிறோம். வலப்பக்கம் ஓவர்டேக் பண்ண வேண்டும் என்பதால் அதையாவது பார்க்கிறோம். ஆனால் நம் ஊரில் பைக்கும் ஸ்கூட்டரும் இடப்பக்க இடுக்கில்தானே வருகின்றன, அது தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம், வருகிறவன் வந்துகொண்டுதான் இருப்பான்.

கண்ணாடியைத் திருப்பி வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் சீட்டைச் சரி பண்ணிக்கொள்ளுங்கள், சீட் நகர்ந்தால் கண்ணாடி எல்லாம் போச்சு. என் மகன் என்னைவிட ஒரு ஜாண் உயரம், அவன் ஓட்டிவிட்டுத் தந்தால் மூன்றையும் திருப்பாமல் நான் வண்டியை எடுப்பதில்லை. உள்ளே இருக்கிற கண்ணாடியில், தலையை அசைக்காமல், பின் கண்ணாடி முழுக்க அடங்க வேண்டும். வெளிக்கண்ணாடியில் நம்மில் பலர் பாதிக்குப் பாதி சொந்தக் காரின் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அது எங்கேயும் ஓடிப்போகாது. தலையை வலது ஜன்னலை ஒட்டிச் சாய்த்துக்கொண்டு, காரின் விலா நூல் அளவு தெரிகிற மாதிரி வலக்கண்ணாடியை வையுங்கள். காரின் நடுவுக்குச் சாய்ந்துகொண்டு இடக்கண்ணாடியை அதே மாதிரி வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்தக் கார் மறைந்து பக்கத்து ரோடு முழுக்கத் தெரியும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பின்னால் வருகிற ஒரு பஸ்ஸைக் கவனியுங்கள். உள்கண்ணாடியை விட்டு அது போவதற்கு முன்னால் வலக்கண்ணாடியில் மூக்கை நீட்ட வேண்டும், அதை விட்டுப் போவதற்குள் நம் ஓரக்கண்ணில் பட வேண்டும். நடுவில் காணாமல் போனால் இன்னும் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். சந்துகளில் மதிலை உரசாமல் போக விலா கொஞ்சம் தெரிய வேண்டும் என்பார்கள், அதுவும் நியாயம்தான், நானே கோட்டாறுக்குள் நுழையும்போது அப்படித் திருப்பிக்கொள்கிறேன். பட்டன் எதற்கு இருக்கிறது? எப்படி வைத்தாலும் கொஞ்ச இடம் மறையத்தான் செய்யும், ஒடிப்பதற்கு முன்னால் கழுத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

உள்கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன லீவர் தொங்கும். அது எதற்கு என்று தெரியாமலே பத்து வருஷம் கார் ஓட்டிய ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். ராத்திரி மார்த்தாண்டத்தில் இருந்து வரும்போது பின்னால் ஒருத்தன் ஹை பீமைப் போட்டுக்கொண்டு ஒட்டியே வருவான், கண் கூசும், இவர் கண்ணாடியையே வேறு பக்கம் திருப்பிவிடுவார். அந்த லீவரைத் தள்ளினால் போதும். கண்ணாடியின் பின்பக்கம்தான் ரசம் பூசியிருக்கும், முன்பக்கத்து வெறும் கண்ணாடியும் நூற்றில் நாலு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு பக்கமும் ஒரே சமமாக இல்லாமல் ஆப்பு மாதிரி சரிவாகச் செய்திருப்பார்கள். லீவரைத் தள்ளினதும் ரசத்தில் பட்ட வெளிச்சம் கூரைக்குப் போய்விடும், அந்த நாலு பங்கு மங்கல் பிம்பம் மட்டும் கண்ணுக்கு வரும். எவ்வளவு எளிமையான யோசனை! விலை கூடின கார்களில் தானே மங்குகிற கண்ணாடி வருகிறது, அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அப்புறம், ஜெபமாலையோ ருத்ராட்சமோ தஸ்பியோ, யார் மனதையும் நோகடிக்க இல்லை, அந்தக் கண்ணாடியில் தொங்கவிட்டால் எதிரில் வருகிறவரை மறைக்கிறது. டேஷ்போர்டில் வைத்தாலும் சாமி கோபிக்காது.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் ராத்திரி வெளியே நின்ற காரில் காலையில் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். உப்பு. அதோடு பொடிமணலும் சேர்ந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ஒரு குவளை நல்ல தண்ணீரை மேலே ஊற்றி, உப்பு கரைந்து ஓடின பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். ஓரத்தில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக வந்து ரசம் உரிவது பெரும்பாலும் விளிம்பில்தான் ஆரம்பிக்கும், அங்கே ஈரமும் உப்பும் தங்கவிடாதீர்கள். கண்ணாடி துடைக்கிற திரவத்தை நேராகப் பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் இடுக்கு வழியாக மோட்டாருக்குள் இறங்கும். பட்டனில் மடங்குகிற கண்ணாடியைக் கையால் வலுக்கட்டாயமாக மடக்கிப் பழக்கினால் ஒருநாள் உள்ளே டக் டக் என்று பல்சக்கரம் வழுக்குகிற சத்தம் கேட்கும்.

நமக்கு மழை இரண்டு தடவை, வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதியும் உண்டு ஐப்பசியும் உண்டு. பின் கண்ணாடியில் உள்பக்கம் மெல்லிசாகக் கோடுகள் இருக்குமே, அதுதான் மூட்டத்தைப் போக்குகிற சூட்டுக் கம்பி. ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டி உரித்தால் கோடும் சேர்ந்து வந்துவிடும். துடைப்பது கோட்டின் போக்கிலேயே இருக்கட்டும். சில கார்களில் அதே பட்டன் வெளிக்கண்ணாடியையும் சூடாக்கும், உங்கள் கார் புத்தகத்தில் பாருங்கள். ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்று சிலர் அதையே நம்பியிருக்கிறார்கள், ஒரு துளி சேறு லென்ஸில் பட்டால் அதுவும் குருடு. சென்சார் பீப் அடிக்கும் என்று நம்பி மெல்லிய கம்பியிலும் தாழ்வான கல்லிலும் இடித்தவர்கள் நிறைய.

கதவு திறப்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் வலக்கதவை இடக்கையால் திறந்து பழகினால் உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும், கண்ணாடியும் பின்னால் வருகிற பைக்கும் கண்ணில் பட்டுவிடும். கேப் ரோட்டில் ஒருதரம் பார்த்தேன், கதவை ஒரே தள்ளாகத் திறந்தார்கள், பைக்கில் வந்தவர் மயிரிழையில் தப்பினார்.

ஆசிரியர் அவர்களே, லைசென்ஸ் டெஸ்டில் வண்டி எடுப்பதற்கு முன்னால் மூன்று கண்ணாடியையும் திருப்பி வைக்கச் சொல்லிப் பார்த்தால் என்ன? எனக்குச் சொல்லிக் கொடுத்த டிரைவிங் ஸ்கூலில் கிளட்சைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள், கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்று, எங்கள் ஊர் வளைவில் கம்பத்தில் ஒரு பெரிய குவிக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களுக்குப் புண்ணியம். இப்போது அதில் பாதியை முருங்கைக் கிளை மறைக்கிறது, மீதியில் தூசி. அதைத் துடைக்க யாருக்காவது உத்தரவு போடச் சொல்லுங்கள், அதுவரை வாரம் ஒருநாள் நானே ஏணி எடுத்துக்கொண்டு போகிறேன்.

அந்த 200 ரூபாய்க் கண்ணாடியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கிணற்றடியில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், சவரம் பண்ண அருமையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளச்சல் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்