நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காதீர்கள்: மலையகத்து வயரிங் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே,

போன மழைக்கு மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வந்து ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு. பின்னால் குசினியும் ஓர் அறையும் கூட்டிக் கட்டி, அதற்கென மெயின் போர்டிலிருந்து கரண்ட் எடுக்கும் ஒரு சின்னப் பெட்டி, சப் போர்டும் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுத் தங்கச்சி சொன்னாள்: "ரைஸ் குக்கரப் போட்டா பிரிட்ஜ் ஷாக் அடிக்குது அண்ணே. சோறும் வேக மாட்டேங்குது."

மெயினை அணைத்துவிட்டு சப் போர்டைத் திறந்தேன். மெயின் போர்டிலிருந்து வந்த கறுப்புக் கம்பி, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி, அதை இறுக்கும் நியூட்ரல் பாரில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ இறுகவே இல்லை, கம்பியின் தோல் கருகியிருந்தது. பக்கத்தில் நியூட்ரல் பாரையும் எர்த் பாரையும் சேர்த்து ஒரு பச்சைத் துண்டுக் கம்பி. அப்புறம் மெயின் போர்டைப் பார்த்தால், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு நேராகவே கம்பி போட்டிருந்தது. "அது சும்மா சும்மா விழுந்துச்சு, வயரிங் தம்பி கழட்டி விட்டுட்டாரு" என்றாள்.

அது சும்மா விழவில்லை. நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு அந்தத் துண்டுக் கம்பி வழியாக எர்த்துக்குப் போனது. போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டும், விழுந்தது. அதைக் கழற்றிய பிறகு நியூட்ரலும் விட்டுப் போனதால், குக்கரின் கரண்ட் முழுக்க எர்த் கம்பியில் இறங்கி, அந்தக் கம்பியில் தொட்டிருந்த பிரிட்ஜின் உடம்பில் ஏறியது. மண்ணின் தடையில் பாதி வோல்டேஜ் போய்விட்டால் சோறு எப்படி வேகும்?

வெளிநாட்டு வீடியோ பார்த்துத்தான் இப்படிச் செய்கிறீர்கள் என்று தெரியும். அமெரிக்காவில் மெயின் பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைப்பார்கள், உண்மை. அங்கேயும் சப் பெட்டியில் பிரித்துத்தான் வைப்பார்கள். நம் நாட்டு வீடுகளில் எர்த் நம் சொந்தக் கம்பி, மண்ணில் அடித்த கூர். மெயினிலும் சேர்ப்பதில்லை, சப்பிலும் சேர்ப்பதில்லை.

நம் மலையில் கல்லுத் தரை. எர்த் கூரின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட் பிழையாக ஒரு சாமானின் இரும்பு உடம்பில் ஏறினாலும், எர்த் வழியாக 4.6 அம்பியர்தான் ஓடும். கூடுதல் கரண்ட் ஓடினால் விழும் சின்ன சுவிட்சான எம்சிபி, 16 அம்பியர் என்றால் அதற்கு அசையாது. நனைந்த சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற பிள்ளைக்கு ட்ரிப் சுவிட்சைத் தவிர வேறு காவல் இல்லை.

ஆகவே மெயின் ட்ரிப் சுவிட்சைக் கடந்து கரண்ட் வீட்டுக்குள் போகும் பக்கத்திலிருந்து லைவ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் இரண்டையும் ஒரே தடிப்பில் கொண்டுபோங்கள். எர்த்துக்குத் தனிக் கம்பி, தனி பார். நியூட்ரல் பார் பெட்டியின் இரும்பில் தொடக்கூடாது. சப் போர்டுக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் இருந்தால், அதற்குக் கீழே உள்ள நியூட்ரல்களை மற்றப் பாரில் கலக்காதீர்கள். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுக் கம்பியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ட்ரிப் விழுந்தால் எல்லா எம்சிபியையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றிக் கோளாறைத் தேடுங்கள். அப்படியும் அகப்படாவிட்டால் பிளக்குகளைக் கழற்றி, நியூட்ரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். நேரம் எடுக்கும், பரவாயில்லை.

இதுவரை நீங்கள் சப் போர்டு வைத்த வீடுகளுக்கு ஒருதரம் திரும்பப் போய்ப் பாருங்கள், தம்பிமாரே. அந்தத் துண்டுக் கம்பி இருந்தால், மெயினை அணைத்து, கழற்றி எடுங்கள். அதற்குக் காசு கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்த ஓர் அண்ணன்